கவிழ்ந்த குளியல் நாற்காலி

பரமத்தி வேலூரில் எங்கள் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை குளியல் தொட்டியில் மூழ்கி இறந்தபோது விசாரிக்க வந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. ஒல்லியான உடம்பு, உரக்கப் பேசாத குரல். "பெத்தவ பார்த்திருக்கோணும்" என்று தெருவே சொல்லிக்கொண்டிருந்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை. குழந்தையின் எடைக்கு அரிசியைப் பையில் கட்டி, தொட்டிக்குள் இருந்த பிளாஸ்டிக் குளியல் நாற்காலியில் உட்காரவைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒட்டியிருந்த ரப்பர் பிடி விட்டு நாற்காலி கவிழ்ந்தது. மறுபடி வைத்தார், மறுபடியும் கவிழ்ந்தது. வெறும் அரிசிதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் பதறிப்போய் இரண்டு கையாலும் வெளியே தூக்கினார்.

"உன் மேல தப்பில்ல சாமி. நாற்காலிதான் கவுந்துருக்குது" என்றார், கதவோரம் நின்ற தாயிடம்.

"துண்டெடுக்கத்தானுங்க போனேன். அது புடிச்சுக்கும்னு நம்பி உட்டுட்டுப் போனேன். நாற்காலியே இல்லீன்னா, புள்ளையத் தூக்கிட்டே போயிருப்பனுங்க" என்றாள் அவள்.

எஸ்.ஐ. நனைந்த காக்கிச் சட்டையோடு, ஈரத்தரையிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வகை நாற்காலியை விற்கவிடாமல் தடுக்க அவர் அலைந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். முடியவில்லை. கடைவீதியில் அது இன்றும் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாயைவிட அவர் முகம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. ஏனென்று தெரியவில்லை.