மணிக்குக் கால் கழுவிய கதை

எங்கள் தோப்பில் மாமரம் பூத்தாலே நாய் மணி சொறிந்து சொறிந்து உடம்பைப் புண்ணாக்கிக்கொள்கிறான்.

மாட்டுக்குப் பூசுகிற வேப்பெண்ணெயைப் பூசிப் பார்த்தேன். அரிப்பு போகவில்லை, வீடுதான் நாறியது.

இன்று பெரியகுளம் மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா மோந்து பார்த்துவிட்டு, "எண்ணெய் யாரு பூசச் சொன்னா?" என்றார்.

"நாந்தாம்மா. மாட்டுக்குக் கேட்டுச்சே."

"இது மாடு இல்லைங்க. பூந்தூள் இவனுக்கு ஒத்துக்கல. மாத்திரை எழுதித் தாரேன். தோப்புலருந்து வந்தா காலையும் வயித்தையும் கழுவித் தொடைச்சு உள்ள விடுங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி என் காலைப் பார்த்தாள்.

"அதே தோப்புலருந்துதான் நீங்களும் வாரீக. என்னைக்காவது கழுவியிருக்கீகளா?"

சாயங்காலம் குழாயடியில் மணிக்கு நான்கு காலையும் கழுவித் துடைத்தேன். அவன் நேராக உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினாள். குதிகால் சரியில்லையாம்.

உங்கள் வீட்டில் யாரை முதலில் உள்ளே விடுகிறார்கள்?