இல்லாத பிரேக்

என் தங்கச்சி புருஷன் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எங்கள் எமோ ராக் பேண்டின் டிரம்மரும் அவர்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. எமோ என்றால் கறுப்புச் சட்டை, நெற்றியிலிருந்து வழிந்து ஒரு கண்ணை மறைக்கிற முடி, நெஞ்சில் கிடக்கிற துக்கத்தையெல்லாம் தொண்டை கிழியப் பாடுவது. மாப்பிள்ளைக்குக் கண்ணை மறைக்க முடியே கிடையாது, முப்பத்திரண்டு வயதிலேயே தலை பளபளவென்று ஆகிவிட்டது. கறுப்புச் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் மாட்டுவார்.

பேண்டில் மூன்றே பேர். தங்கச்சி பாட்டு எழுதுவாள், கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுவாள். மாப்பிள்ளை டிரம்ஸ். நான் பேஸ் கிட்டார், வார நாட்களில் லிஃப்ட் ரிப்பேர். நாங்கள் பாடிப் பழகுவதை ஒருநாள் கேட்ட அத்தை, ஏன்டா எல்லாரும் அழுமூஞ்சியாட்டம் பாடறீங்க என்று கேட்டாள். அந்த அழுமூஞ்சியையே பேண்டுக்குப் பேராக வைத்துவிட்டோம். அத்தைக்கு அதில் இன்றுவரை பெருமைதான்.

முதல் ஆல்பம் அம்மா இறந்த வருஷம் வந்தது. அதன் கடைசிப் பாட்டு அம்மாவின் கடைசி நாளைப் பற்றியது. ஆஸ்பத்திரிக் கட்டில், பாதி குடித்து வைத்த தண்ணீர், மூட மறந்த ஜன்னல் என்று தங்கச்சி பார்த்ததைப் பார்த்தபடி எழுதியிருந்தாள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது. சனிக்கிழமை ஓர் ஊர், ஞாயிற்றுக்கிழமை ஓர் ஊர் என்று இரண்டரை வருஷம் வேனிலேயே கிடந்தோம். ஒவ்வொரு மேடையிலும் கடைசி வரியில் அவள் குரல் உடையும், கண்ணீர் வரும், முன்வரிசை மொத்தமும் சேர்ந்து அழும். பின்னால் நின்ற எனக்கு அப்போதெல்லாம் ஒரே பெருமை. என் மரமண்டைக்கு வேறொன்றும் உறைக்கவில்லை.

ஒருநாள் நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு பெண் டி-ஷர்ட்டில் கையெழுத்து வாங்க வந்தாள். "அக்கா, இன்னைக்கு நீங்க அழவே இல்லையே," என்றாள். காபியில் சர்க்கரை கம்மி என்பது போலத்தான் சொன்னாள், பாவம். தங்கச்சி சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள். அடுத்த வாரம் அதே பாட்டின் நடுவில் நிறுத்தினாள், கிட்டாரைக் கழற்றி வைத்தாள், மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். மேடைக்குப் பின்பக்கம் ஒரு காலி ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நான் அம்மாவ செலவு பண்ணிட்டேன், அண்ணா," என்றாள். "கண்ண மூடினா அம்மா மூஞ்சி வரமாட்டேங்குது. அந்தப் பாட்டுதான் வருது."

அதற்கப்புறம் ஏழு மாசம் அவள் கிட்டாரைத் தொடவில்லை. வேலைக்குப் போவாள், வருவாள், படுத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமையானால் மத்தியானம்வரை கட்டிலைவிட்டு எழுந்திருக்க மாட்டாள். இரண்டாவது ஆல்பத்துக்குத் தேதி கொடுத்திருந்த ரெக்கார்டிங்காரர் தள்ளிவைத்தார், மறுபடி தள்ளிவைத்தார், கடைசியில் போன் செய்வதையே விட்டுவிட்டார். எனக்குப் பொறுமை என்பது அளவோடு வந்த சாமான். அவளுக்குப் பதிலாக நன்றாகப் பாடுகிற வேறொரு பெண்ணைத் தேடிப் பிடித்தேன். அந்தச் சந்தோஷத்தோடு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றேன். அவர் ஸ்கூல் காரின் கால்மிதிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், தண்ணீர்க் குழாயை மூடினார்.

"மச்சான், அவ பாடலைன்னா நானும் வாசிக்கல. அவள பாடுன்னும் நான் சொல்லப் போறதில்ல. நீங்களும் சொல்லாதீங்க."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் என்னிடம் மாட்டேன் என்று சொன்னது அன்றைக்குத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கல்லுளிமங்கன் என்றேன். புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து பேண்டைக் குழிதோண்டிப் புதையுங்கள் என்றேன். கேட்டை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் ஹெல்மெட் அவர் வாசலிலேயே இருக்கிறது. திரும்பிப் போய் வாங்கிவர ரோஷம் விடவில்லை.

அவர் வேலை செய்வதை நீங்கள் பார்க்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டுக்கும் கீழே ஒரு பிரேக் இருக்கும், வாத்தியாருக்காக. மற்ற வாத்தியார்கள் அதை இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மிதிப்பார்கள், கூடவே திட்டுவார்கள். மாப்பிள்ளை காலைப் பிரேக்குக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் அந்தரத்தில் வைத்திருப்பார். உயிர் போகிற ஆபத்தென்றால் ஒழிய மிதிக்க மாட்டார். ஒருமுறை ஓட்டப் பழக வந்த ஓர் அம்மாள் ஒரே சிக்னலில் பதினொரு தடவை இன்ஜினை அணைத்துவிட்டாராம். பின்னால் தெருவே ஹார்ன் அடிக்கிறது. மாப்பிள்ளை ஜன்னல் வழியாகப் பார்த்து, அந்தச் செருப்புக்கடைக்குப் புது போர்டு வச்சிருக்காங்க பாருங்க என்றாராம். பன்னிரண்டாவது தடவை வண்டி நகர்ந்துவிட்டது. என்னை அந்த சீட்டில் உட்காரவைத்தால் முதல் நாளே போலீஸ் கேஸாகிவிடும்.

நிகழ்ச்சிகள் நின்றபின் வாரத்தில் ஆறு நாள் இப்படிக் காலைத் தூக்கிப் பிடித்தபடியே சம்பாதிக்கிறவருக்கு ஓய்வு ஞாயிறு ஒன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தங்கச்சியை எழுப்பி, "வாங்க மேடம், சும்மாதானே இருக்கோம், கார் ஓட்டுவோம்," என்று கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற பெரிய மைதானம் அன்றைக்குக் காலியாகக் கிடக்கும். கிளட்ச், கியர், வளைவு, இவ்வளவுதான் பேச்சு. பாட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு என்று இல்லை, முழுசாக இரண்டு மாசம்.

ஒன்பதாவது ஞாயிறு தங்கச்சியே எனக்குப் போன் செய்தாள். வந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போ, அப்படியே நான் ஓட்டுகிற லட்சணத்தையும் பார் என்றாள். பின் சீட்டில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை ஒன்றுமே நடக்காத மாதிரி, "சீட் பெல்ட்டு, மச்சான்," என்றார். மைதானத்து மூலையில் சுவரோரம் அவள் கொஞ்சம் வேகமாகத் திருப்பிவிட்டாள். சுவர் எங்களைப் பார்த்து வருகிறது. மாப்பிள்ளை கால் பிரேக்குக்கு மேலே வந்து நின்றது. மிதிக்கவில்லை, ஆனால் கட்டைவிரல் நடுங்குகிறது. தங்கச்சி ஸ்டியரிங்கை ஒடித்துத் தப்பித்தாள். அப்போது அந்தக் காலைப் பார்த்துவிட்டாள். வண்டியை நட்டநடு மைதானத்தில் நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணா, அம்மா!" என்றாள். அவ்வளவுதான், எனக்கும் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா கார் ஓட்டினால் அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவாள். மிதித்து மிதித்துக் கால்மிதியில் செருப்புக் குதிகால் அளவுக்கு ஓட்டையே விழுந்துவிட்டது. அங்க பிரேக் இல்லடி என்று அப்பா கத்துவார். இருந்திருந்தா உங்கள எப்பவோ நிறுத்தியிருப்பேன் என்பாள் அம்மா.

தங்கச்சி சிரித்தாள், சிரிப்பு அழுகையாயிற்று. மேடையில் அழுகிற அழகான அழுகை கிடையாது, மூக்கு ஒழுகுகிற அழுகை. மாப்பிள்ளை ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடி துடைக்கிற மஞ்சள் துணியை எடுத்துக் கொடுத்தார். நானும் அதிலேயேதான் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அம்மாவின் இல்லாத பிரேக்கைப் பற்றி ஒரு பாட்டு வந்தது. பின்னாலேயே இன்னும் ஏழு. பஸ் கண்டக்டரோடு சண்டை போட்ட அம்மா, பாட்டு வரிகளைத் தப்புத்தப்பாகப் பாடுகிற அம்மா. ஆஸ்பத்திரி ஒன்றில்கூட இல்லை. எமோ என்று சொல்லிக்கொண்டு இப்படிச் சிரித்தால் யார் கேட்பார்கள் என்று வாயைக் கொடுத்தேன். அழுமூஞ்சி சிரிக்கக் கூடாதென்று சட்டமா என்று கேட்டாள்.

ரெக்கார்டிங் ரூம் ஒரு பர்னிச்சர் கடை மாடியில், மரத்தரை. பிரேக் பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் பாடுவேன், சரியா வரலைன்னா இந்தப் பாட்டே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். திரும்பத் திரும்பப் பாடி இந்த அம்மாவும் தீர்ந்துபோய்விட்டால் என்ன செய்வது என்ற பயம். அது எனக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும். மூன்று பேரும் ஒரே அறையில் சேர்ந்தே வாசித்தோம். கடைசி நாலு வரிக்கு டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. அவள் குரல் மட்டும்.

மூன்றாவது வரியில் குரல் ஆட ஆரம்பித்தது. சறுக்குகிறது என்று எனக்கே தெரிந்தது. அப்போது தொப்பென்று ஒரு சத்தம்.

மாப்பிள்ளையின் கால். டிரம் பெடலுக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத வெறும் தரையை ஓங்கி மிதித்திருக்கிறார். சுவர் வந்தபோதுகூட மிதிக்காத மனுஷன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். தங்கச்சி திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் ஒரு குலுங்கு குலுங்கியது. குரல் நேராகி, கடைசி வரியை லேசான சிரிப்போடு பாடி முடித்தாள்.

ரெக்கார்டிங்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். அருமையாக வந்திருக்கிறது, ஆனால் நடுவில் என்னவோ இடித்த சத்தம், அதைத் தனியாக எடுக்க முடியாது, இன்னொருதரம் பாடித்தான் ஆகவேண்டும் என்றார். மாப்பிள்ளை எழுந்து நின்று, தப்பு என்னுடையது, மன்னிச்சிருங்க என்று அவரிடம் சொன்னார், என்னிடம் சொன்னார், தங்கச்சி முகத்தைப் பார்க்க முடியாமல் தரையிடம் சொன்னார்.

"அது இருக்கட்டும்," என்றாள் தங்கச்சி.

கேட்கிறவர்களுக்கு என்ன சத்தமென்று புரியாதே என்றார் ரெக்கார்டிங்காரர்.

"எங்களுக்குப் புரியும்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவள் கண்ணை மூடினாள். எதற்கு மூடுகிறாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் பேஸ் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஒரு சத்தமும் வந்துவிடக் கூடாதென்று. மாப்பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றார்.

"வந்துட்டா," என்றாள். "செருப்போட வந்திருக்கா."