கரடி, கம்பளி, கொஞ்சம் அம்மா வாசம்

இழுப்பு வர்ற பிள்ளையோட அறையைச் சுத்தமா வைக்கிறதும் ஒரு உத்தியோகந்தான். தேயிலைக் கொழுந்து எடுக்கிற வேலைக்காவது ஞாயித்துக்கிழமை லீவு உண்டு, இதுக்கு அதுவும் இல்லை. வீட்டில மூச்சு வாங்கிற பிள்ளை வச்சிருக்கிற அம்மாமாருக்கு நான் சொல்லவே வேணாம்.

என் மக தர்ஷிக்கு ஆறு வயசு. எங்க டயகம தோட்டத்து லயத்து வீட்டில ஈரம், தூசி, அடுப்புப் புகை. "அறையைச் சரி பண்ற வரைக்கும் பிள்ளையை வேற இடத்தில வைங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். ஹட்டன்ல இருக்கிற எங்க அக்கா வீட்டில விட்டுட்டு வந்தேன். பஸ்ஸில திரும்பி வரும்போது மடி லேசா இருந்திச்சு.

விளக்குமாறு

முதல் தடவை அவ வீட்டுக்கு வர்றான்னதும், ஒட்டடை அடிச்சு, மூலைமுடுக்கெல்லாம் பறக்கப் பறக்கக் கூட்டினேன். குளிருக்கு ஜன்னலையும் சாத்தியிருந்தேன். பிள்ளை உள்ள கால் வச்சதும் இருமல் பிடிச்சது, அன்னைக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாப் போச்சு. ஈரத்துணியால துடைக்கணும், கூட்டக் கூடாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சது. பக்கத்து வீட்டுச் செல்விக்கா எட்டிப் பார்த்துச் சொன்னாங்க: "அடியே, நீ தூசியைக் கூட்டல, கிளப்பி விட்டு வேடிக்கை பார்த்திருக்க!"

வெயில் வந்த அன்னைக்கு

விரிப்பு, தலகாணி உறை எல்லாத்தையும் சுடுதண்ணியில அலசி எடுத்தேன். அன்னைக்கு அதிசயமா வெயில். எங்க பக்கத்தில துணியைத் தேயிலைச் செடி மேல விரிச்சுப் போடுறதுதான் பழக்கம், காத்துக்குப் பறக்காது. பெருமையா விரிச்சுட்டு நின்னேன். மலையில வேலையை மேற்பார்வை பார்க்க வந்த கண்டாக்கையா நின்னு பார்த்தார்: "நேத்துத்தானம்மா இந்தச் செடிக்கெல்லாம் பூச்சி மருந்து அடிச்சாங்க, அதையா புள்ளைக்குப் போத்தப் போற?"

எல்லாத்தையும் மறுபடி அலசினேன். வெயில் போயிருச்சு.

கரடி

கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி சாகணும்னு, தர்ஷியோட பஞ்சுக் கரடியை உறையில கட்டி, ஐஸ் பெட்டியில வச்சு எடுத்து, பிறகு கழுவச் சொன்னாங்க கிளினிக் நர்ஸம்மா. எங்க வீட்டில ஏது ஐஸ் பெட்டி? கடை முதலாளிகிட்ட கெஞ்சி, ஐஸ்கிரீம் பெட்டியில ஒரு மூலை வாங்கினேன். போன்ல தர்ஷி, "கரடிக்குக் குளிருமே, அம்மா"ன்னு அழுகை. அவளைச் சமாதானம் பண்ணிட்டுக் கடைக்குப் போனா முதலாளி தலையில கை வச்சிருந்தார்: "தங்கச்சி, ஐஸ்கிரீம் வாங்க வர்ற புள்ளைங்கெல்லாம் கரடி என்ன வெலைன்னு கேக்குதுங்க, சீக்கிரம் கூட்டிட்டுப் போ!"

ஃபெக்டரித் தூசி

எங்க வீட்டுக்காரருக்குத் தேயிலை சலிக்கிற இடத்தில வேலை. தலைமுடி, சட்டை, புருவம் எல்லாம் தூள். அதனால வெளியில குளிச்சு மாத்திட்டுத்தான் உள்ள வரணும்னு சட்டம் போட்டேன். ஒரு சாயங்காலம் சாரல் மழையில வாசல்ல நின்னு நடுங்கிக்கிட்டே, காலியாக் கிடந்த சின்னக் கட்டிலைப் பார்த்துக் கேட்டார்: "அவ இல்லாத வீட்டுக்குள்ள வரவும் குளிக்கணுமா, புள்ள?"

நான் வாளியை எடுத்துக் கொடுத்துட்டு அடுப்படிக்குப் போயிட்டேன்.

சனிக்கிழமை

கடைசியில அறை தயார். திரைச்சீலை இல்ல, கம்பளி இல்ல, மெத்தைக்கு பிளாஸ்டிக் உறை. சனிக்கிழமை தர்ஷி வந்தா. கட்டில்ல உட்கார்ந்தா, தலகாணியை மோந்தா, முகம் வாடிப்போச்சு. "பெரியம்மா வீட்டிலதான் உங்க வாசம் இல்ல. இங்கயும் இல்லையேம்மா."

சுடுதண்ணியில அலசிக் காய்ஞ்ச என் பழைய நூல் சேலை ஒண்ணு இருந்தது. அதை எடுத்துக் கட்டிக்கிட்டு, அவ ஆசைப்பட்ட ரொட்டியைச் சுட்டேன், அவளோட விளையாடினேன். பிறகு அவிழ்த்து அவளுக்குப் போத்தி விட்டேன். கரடியும் கூட. இருமல் வரல. ஹட்டன்லயே பள்ளிக்கூடத்தில சேர்த்துட்டதால, தவணை முடியிற வரைக்கும் அக்கா வீடுதான், சனி ஞாயிறு மட்டும் இங்க. ஞாயித்துக்கிழமை பஸ் ஏறும்போது சேலையைச் சுருட்டி நெஞ்சோட வச்சுக்கிட்டுச் சொன்னா: "வாசம் தீர்ந்தா அடுத்த சனிக்கிழமை திரும்பக் கட்டிக் கொடுங்க, அம்மா."

ஒரு பிள்ளையோட அறையில இருந்து எதையெல்லாம் எடுக்கணும்னு எல்லாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க, எதை விட்டு வைக்கணும்னு ஆறு வயசுக்காரிதான் சொன்னா.