தட்டான் வில்லை

பேரையூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். செங்கல் சூளை, லாரி, பிறகு சரக்குக் கப்பலின் சமையலறை என்று வயிறு இழுத்த பக்கமெல்லாம் போனேன். ஜப்பானில் கப்பல் நின்ற ஓர் ஊரில், கோயில் வாசலில் பழைய சாமான் விற்ற பெண்ணிடம் முதல் இரும்பு வில்லையை வாங்கினேன். அந்தக் காலத்து வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருப்பது. உள்ளங்கை அகலம், நடுவில் அலகு நுழைய ஒரு பிளவு. பிடித்த கை வழுக்கி அலகில் படாமல் காக்கும்.

பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரால் தேய்த்துவிடுவேன் என்று சாடை காட்டினேன். அந்தப் பெண் வில்லையைப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு ஓர் எலும்புச் சில்லை எடுத்து, சிவப்புத் துருவை மட்டும் சுரண்டிக் காட்டினாள். அடியில் கறுப்பாக, வழவழவென்று ஒரு தோல் இருந்தது.

இப்படி ஆறு சேர்ந்தன. மாட்டுத்தாவணிப் பக்கம் என் ஒற்றை அறையில், பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. கஞ்சிக்கு வழியில்லாத நாளிலும் அவற்றை விற்கத் தோன்றியதில்லை.

ஏழாவது நம்ம ஊரிலேயே கிடைத்தது. பழைய கருவிகள் விற்கும் பாய் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் ஸ்பேனர் ஒன்று தேடிக் குனிந்தபோது, அவருடைய மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த துருப்பிடித்த வட்டத்தைப் பார்த்தேன். நடுவில் அதே பிளவு.

"பாய், இது எங்க கிடைச்சுச்சு?"

"யுத்தம் முடிஞ்சு மலேயாவிலருந்து வந்த பெட்டியில கெடந்துச்சுன்னு எங்க அத்தா சொல்லுவாரு. வேணுமா? எடுத்துக்க மாப்ள. மேசை ஆடாம இருக்க வேற ஏதாச்சும் கொண்டாந்து வையி."

எதிரே மரக்கடைக்கு ஓடிப்போய் ஒரு கட்டைத் துண்டு கேட்டு வாங்கினேன். திரும்பும்போதே சாணைச் சக்கரத்தின் சத்தம் கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் கடையைவிட்டுப் போகும் எந்தக் கருவியையும் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கித்தான் கொடுப்பார்.

"பாய்! நிப்பாட்டுங்க!"

"ஏன்டா கத்துற? துருவோட குடுத்தா எங்க அத்தா கபர்லருந்து எந்திரிச்சு வந்து வைவாரு."

ஒரு ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. நான் கட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"செவப்புத் துருதான் போகணும் பாய். அடியில இருக்கற கறுப்புத் தோல்தான் சாமானே. சக்கரம் ரெண்டையும் சேத்துத் தின்னுரும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "பெறகு எதை வச்சுத்தான் சொரண்டுறது?"

"எலும்பு."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கப்பலேறிப் போயி இதையா படிச்சுட்டு வந்த? வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா. எங்க வீட்டுல எதுக்குப் பஞ்சம்னாலும் எலும்புக்குப் பஞ்சமில்ல."

போனேன். பிரியாணியில் எனக்கு நல்லி எலும்பாகவே விழுந்தது. கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, கடைக்குக் கொண்டுவந்து அதே சக்கரத்தில் கூராக்கினோம். மரக்கடைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பாய், அடுப்புல என்னமோ தீயுது, பாருங்க!"

யாவாரம் மந்தமான மதியங்களில் ஆளுக்கு ஒரு எலும்போடு உட்கார்ந்து சுரண்டினோம். முதலில் நான்கு கோடுகள் தெரிந்தன. செடியின் இலை என்றேன் நான். காத்தாடி என்றார் அவர். அடுத்த வாரம் கோடுகளுக்கு நடுவே நீண்ட வால் வந்தது.

"தட்டான்டா!" என்று பாய் கத்தியதில், ரம்பம் வாங்க வந்தவர் பயந்து பின்வாங்கினார்.

மழைக்கு முன்னால் எங்கள் கரிசக்காட்டுக்கு மேலே பறக்குமே, அதே தட்டான். சக்கரம் கடித்த இடம் அதன் இறக்கைக்கு ஒரு நூல் தள்ளித்தான் நின்றிருந்தது.

வேலை முடிந்ததும் பையை நீட்டினேன். பாய் வில்லையை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

"எடுத்துக்கன்னு சொன்னது மேசைக்கு முட்டுக் குடுத்த இரும்பத்தான். தட்டானைச் சொல்லல."

சண்டை போட்டோம். மரக்கடைக்காரர்தான் தீர்த்துவைத்தார். ஒரு வாரம் கடையில், ஒரு வாரம் என் டின்னில். மின்னும் இடத்தை யார் கையில் இருக்கிறதோ அவர் பெருவிரலால் தடவித் தடவி மறுபடி கறுக்கப் பழக்க வேண்டும். இப்போது அது லேசாகப் பழுப்பேறத் தொடங்கியிருக்கிறது.

இது என் வாரம். காலையிலேயே போன் வந்துவிட்டது. "மாப்ள, தடவுனியா?"

தடவிக்கொண்டேதான் எடுத்தேன்.