ஒரு கைப்பிடி மட்டும் பளபள

பித்தளை விற்பவனுக்கு இரண்டு எதிரிகள்: காற்றும் புளியும். காற்றை மன்னித்துவிட்டேன். மாதாப்பூர் வீட்டு வாசல் கதவில் ஒரு கைப்பிடியை மட்டும் புளி போட்டுத் தேய்த்துவிட்டு நழுவியவரே, உங்களை இன்னும் மன்னிக்கவில்லை. கடை வைத்துக் காலம் தள்ளும் சக ஜீவன்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

காந்தம்

செகந்திராபாத்தில் கடை போட்ட புதிதில், ஒரு மூட்டை கைப்பிடிகளை அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கினேன். விற்றவனைக் கதற வைத்துவிட்டதாக எனக்குக் கர்வம். வீடுகளுக்கு உள்அலங்காரம் செய்யும் அனுராதா மேடம் வந்தார். கைப்பிடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “அசல் பித்தளை மேடம்! சந்தேகம்னா வேற கடை பாருங்க!” என்று எகிறினேன்.

அவர் கைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார். பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இரும்பு, மேலே பூச்சு. என் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காந்தத்தை என் மேஜையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

“நீங்களே வச்சுக்கோங்க. அடுத்த தடவை கத்துறதுக்கு முன்னாடி, வாங்குற இடத்துல ஒட்டிப் பாருங்க.”

புதுசுதான், ஆனா பழசு

அந்தக் காந்தம் இல்லாமல் அப்புறம் நான் சரக்கு வாங்கியதில்லை. சில வருஷம் கழித்து மேடமே திரும்பி வந்தார். மாதாப்பூரில் கார்த்திக் என்ற சாஃப்ட்வேர்காரரின் புது வீடு. வாசல் இரட்டைக் கதவுக்கு இரண்டு பெரிய கைப்பிடிகள். புதுப் பித்தளையாக இருக்க வேண்டும், நூறு வருஷப் பழசாகத் தெரிய வேண்டுமாம். இதில் தேறினால் அவர் எடுக்கும் வீடெல்லாம் என் கடைக்கு. தவறினால் மறுபடி காந்தக் கதைதான்.

மருந்து தடவிக் கறுக்க வைத்தோம். மூன்று முறை மாதிரி காட்டினோம், மூன்று முறையும் மேடம் “நக்கோ, வேண்டாம்” என்றார். கோபத்தை எல்லாம் பாலீஷ்காரர் யாதகிரியிடம் காட்டினேன். என்னோடு இருந்தே தமிழ் பழகிய மனிதர் நிதானமாகச் சொன்னார்:

“ஹவ் சேட், சரிதான். என் மேல கத்துறதை அந்தக் கைப்பிடி மேல கத்துங்க. தானா கறுத்துடும்.”

கிரகப்பிரவேசம்

நான்காவது தேறியது. மாட்டியும் விட்டோம். கிரகப்பிரவேசத்துக்கு மறுநாள் மேடமோடு போனால், வலது கைப்பிடி கறுப்பு, இடது கைப்பிடி கோயில் குத்துவிளக்கு! சமையலறைத் தொட்டியில் புளிச்சக்கை. வீடு நிறையச் சொந்தக்காரர்கள். “யார் தேய்ச்சது?” என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிளாட் கதவு திறந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மேடம் என்னையே பார்த்தார். பையில் இருந்த காந்தம் கனத்தது. “தப்பு என்னோடதுதான் மேடம். கறுப்பு போகாம இருக்க மேல லாக்கர் பூச்சு அடிச்சிருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்” என்றேன். அவர் இடது கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். கார்த்திக்கும் தடவினார். இருவரும் சிரித்துவிட்டார்கள். மேடம் சொன்னார்:

“இதுதாங்க அழகு, பல வருஷம் கையால தேய்ச்ச பழைய விளக்கு மாதிரி. அடுத்த வீட்டுக்கும் நீங்கதான். இப்போ அந்தக் கைப்பிடியையும் இதே மாதிரி பண்ணிக் கொடுங்க.”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். மெஷின் போட்டால் முகம் பார்க்கிற கண்ணாடியாகிறது, யாதகிரி புளி போட்டால் திட்டுத்திட்டாகிறது. ஆகவே எனக்கு வாழ்வு கொடுத்த புண்ணியவானே, புண்ணியவதியே, கோடி நன்றி, கத்தமாட்டேன், புளிகூட நானே வாங்கித் தருகிறேன், வந்து அந்த வலது கைப்பிடியையும் தேய்த்துவிட்டுப் போங்கள்!