மோட்டார் மேல் வந்த பழி

இசைத்தட்டு ஓட்டும் அந்த டர்ன்டேபிளை வாங்க ரீத்தா பெயர் கொடுத்தபோது, அதன் ஓசையைப் பினாங்கில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கம்பெனி வெளியிட்டிருந்தது ஒரு படமும் நாலு வரித் தகவலும்தான். புதிதாக வடிவமைத்த மோட்டார்; அதன் அச்சின் மேலேயே நேராக உட்காரும் கனமான சுழல்தட்டு; இடையில் ரப்பர் பெல்ட் கிடையாது.

லெபோ கேம்பல் தெருவில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் ஆடியோ கடை வைத்திருக்கும் சாஹித் தயங்கினார். "கேட்டுப் பாத்துட்டு எடுக்கலாம்லா அக்கா. என்ன அவசரம்?"

"மோட்டார் படத்தப் பாத்துட்டேன் தம்பி. என் பேர எழுதிக்குங்க."

மோட்டாரைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில், அக்கரையில் உள்ள சுங்கை பாக்காப்பிலிருந்து விடியுமுன் ஃபேக்டரி பஸ் ஏறிப் பாலம் தாண்டி வேலைக்கு வந்தவள். கட்டைவிரல் அளவு மோட்டார்கள் செய்யும் தொழிற்சாலை. ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காதோரம் பிடித்துக் கேட்டு, தேறியதைத் தனியாகவும் தேறாததைத் தனியாகவும் பிரிக்கும் வேலை. சில வருடங்களில் அதற்கென்று ஓர் இயந்திரம் வந்துவிட்டது. கூட இருந்த பெண்கள் வேறு பிரிவுகளுக்குப் போனார்கள். ரீத்தா மட்டும், அந்த இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் அங்கேயே இருந்தாள்.

ஒருநாள் இயந்திரம் பச்சை விளக்குக் காட்டி அனுப்பிக்கொண்டிருந்த வரிசையைக் கடந்து போனவள், அப்படியே நின்றாள். "இது சரியில்ல. பேரிங் காயுது," என்றாள். மேற்பார்வையாளர் சிரித்தார். இருந்தாலும் நாலைந்தைப் பிரித்துப் பார்த்தார்கள். பேரிங்கில் பொட்டுக் கிரீஸ் இல்லை. அன்றிலிருந்து தொழிற்சாலையில் அவள் 'காது ரீத்தா'. இப்போது ஐம்பத்து நான்கு வயது. அந்தப் பிரிவின் தலைமை டெக்னீஷியன்.

இசைத்தட்டுப் பழக்கம் தற்செயலாக வந்தது. தெரிந்தவர் வீட்டில் ஒரு பழைய நாதஸ்வரத் தட்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கிறவர் மூச்சை இழுக்கும் சத்தம் நடுவில் ஒரு கணம் கேட்டது. ஆள் அடுத்த நாற்காலியில் இருப்பதுபோல் இருந்தது ரீத்தாவுக்கு. தேவாலயப் பாட்டுக்குழுவில் இருபது வருடம் பாடியவள் அவள்; மூச்சின் அருமை தெரியும். அடுத்த மாதமே கைமாறி வந்த ஒரு பழைய டர்ன்டேபிள் அவளுடைய பாயான் பாரு வீட்டுக்குள் நுழைந்தது.

சனிக்கிழமை மதியம் சாஹித் கடையில் பத்துப் பேர் கூடுவார்கள். ரீத்தாவைத் தவிர எல்லாரும் ஆண்கள். அவர்களில் மூத்தவர் அடைக்கப்பன், ஓய்வுபெற்ற ஆடிட்டர். அவர் வீட்டில் இருப்பது பெல்ட் டிரைவ். மோட்டாரை ஓர் ஓரமாக ஒதுக்கி வைத்து, ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும் வகை. "மோட்டார தட்டுக்கு நேர் கீழ வச்சா அதோட நடுக்கம் ஊசியில ஏறாம எங்க போகும்? டைரக்ட் டிரைவ் டிஸ்கோகாரங்களுக்குச் சரி. பாட்டு கேக்கறவங்களுக்கு ஆகாது," என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

"நடுங்குற மோட்டார் ஏறும் அண்ணே. நடுங்காத மோட்டார் என்னத்த ஏத்தும்?" என்று கேட்டுவிட்டு ரீத்தா தன் தேநீரைக் குடிப்பாள்.

எட்டு மாதம் காத்திருந்தாள். இரண்டு முறை தேதி தள்ளிப் போனது. அந்த மோட்டாரைப் பற்றி வந்த ஒவ்வொரு வரியையும் படித்து, மதியச் சாப்பாட்டு வேளையில் காகிதத்தில் அதன் உள்ளமைப்பை வரைந்து பார்த்தாள். கணவர் பெர்னார்ட், "என்னக் கட்டிக்கிறதுக்கு முன்னால இவ்ளோ விசாரிச்சியா?" என்று கேட்டார்.

"உங்களப் பத்தி விசாரிக்க அவ்ளோ ஒண்ணும் இல்ல," என்றாள்.

பெட்டி வந்துசேர்ந்த சனிக்கிழமை கடை நிரம்பியிருந்தது; பெர்னார்டும் வந்திருந்தார். எல்லாரும் சுற்றி நின்று பார்க்கட்டுமென்று சாஹித் மாடியின் நடுவில் ஒரு புது மேசை போட்டு, அதில் டர்ன்டேபிளை ஏற்றியிருந்தார். தட்டு சுழன்றது. ஊசி இறங்கியது. வீணை எழுந்தது. அதற்கு அடியில், தூரத்தில் லாரி இன்ஜின் ஓடியபடி நிற்பதுபோல, ஓர் உறுமலும் எழுந்தது.

சாஹித் ஊசியைத் தூக்கினார், உறுமல் நின்றது. மறுபடி இறக்கினார், மறுபடி வந்தது. அடைக்கப்பன் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்: "சொன்னேன்ல ரீத்தா. மோட்டார்தான்."

பெர்னார்ட் ரீத்தாவின் முகத்தைப் பார்த்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுப் பழகிய காது, இது மோட்டார் போடும் சத்தம் இல்லை என்றது. மோட்டார் கெட்டால் கரகரக்கும், சீறும், இல்லை தாளம் தட்டும். இது ஒரே கனமாக, சோம்பலாக இருந்தது.

"மோட்டார நிப்பாட்டுங்க தம்பி," என்றாள்.

தட்டு நின்றது.

"இப்ப ஊசிய இறக்குங்க."

"நிக்கிற தட்டுலயா அக்கா?"

"ஆமா. சத்தத்த மட்டும் குறைக்காதீங்க."

அசையாத தட்டின் மேல் ஊசி உட்கார்ந்தது. வீணை இல்லை. உறுமல் மட்டும் அப்படியே இருந்தது.

அடைக்கப்பன் முன்னால் குனிந்தார். ரீத்தா உள்ளங்கையை மேசை மேல் வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகைத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். "கீழ் கடையில என்ன வச்சிருக்காங்க?"

"மீன் ஃப்ரீசர்," என்றார் சாஹித். "போன வாரம் புதுசா ரெண்டு வந்துச்சு." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. ஃப்ரீசரின் அதிர்வு பலகைத் தரையில் ஏறி, மேசை வழியாக ஊசிக்கு வந்திருக்கிறது. கடையின் பழைய டர்ன்டேபிள் எப்போதும் செங்கல் சுவரில் பதித்த கல்பலகையில் இருந்ததால் தரையில் நடப்பது அதற்குத் தெரியவில்லை.

பெர்னார்டும் சாஹித்தும் புதியதைத் தூக்கி அந்தக் கல்பலகைக்கு மாற்றினார்கள். ரீத்தாவே மட்டம் பார்த்து, ஊசியை இறக்கினாள்.

இந்த முறை வீணைக்கு அடியில் எதுவும் இல்லை. நரம்பை அழுத்தும் விரல் அடுத்த மெட்டுக்கட்டைக்கு வழுக்கிப் போவதுகூடத் தெரிந்தது. நீண்டு ஒலித்த ஸ்வரம் மயிரிழைகூட அசையாமல் நின்றது. தட்டு முடியும்வரை ஒருவரும் நாற்காலியை நகர்த்தவில்லை.

அடைக்கப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தன வருஷமா தப்பாவா பேசிட்டிருந்தேன்?"

"பழைய மோட்டாருங்களுக்கு நீங்க சொன்னது சரிதான் அண்ணே," என்றாள் ரீத்தா. "இது அது இல்ல."

"அடுத்த பக்கத்தப் போடுங்க," என்றார் அவர். தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் மறுக்காமல் உட்கார்ந்தாள்.

மாலையில் பெட்டியை மாடியிலிருந்து இறக்க நாலு பேர் வந்தார்கள். வீடு போகும்வரை ரீத்தா, பெர்னார்ட் ஓட்டிய காடியின் பின்சீட்டில், பெட்டி மேல் ஒரு கையை வைத்தபடி வந்தாள். அன்று அடுப்புப் பற்றவைக்கவில்லை. பெர்னார்ட் கீழே இறங்கிப்போய் மீ கோரெங் நூடுல்ஸைத் தாப்பாவ் கட்டி வாங்கி வந்தார். அவர் கதவைத் திறந்தபோது மூன்றாவது தட்டு ஓடிக்கொண்டிருந்தது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, பொட்டலங்களைச் சத்தமில்லாமல் மேசை மேல் வைத்தார்.