ஆறரைக் கிராம் சன்னமும் மாக்கிரட்டின் கோப்பைகளும்

திரும்பி வந்த பெட்டியை முதலாளி பிரேபன் மேசையில் போட்ட சத்தத்திலேயே மாக்கிரட்டுக்கு விளங்கிவிட்டது, இது தன் தலையில்தான் வந்து விழப்போகிறதென்று.

பெட்டிக்குள் சிறுமானின் தோள் இறைச்சி. பிரெடெரிசியாவில் ஒரு ஹோட்டல்காரர் வாங்கிப்போனது. அங்கே சாப்பிட வந்த ஒருவரின் பல்லில் உலோகத் துணுக்கு கடிபட்டிருக்கிறது. இறைச்சியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரத்தம் கட்டிக் கறுத்துப்போயிருக்கிறது, எலும்புச் சிராய் வேறு.

"உன் வெட்டு மோசம்," என்றான் பிரேபன். காது கேளாதவருக்குச் சொல்வதுபோல டெனிஷை ஒவ்வொரு சொல்லாக, உரக்கச் சொன்னான். "கெட்டுப்போனதை வெட்டியெறிய உனக்குத் தெரியவில்லை. இன்னொரு பெட்டி திரும்பி வந்தால் கத்தி வேறு ஆளிடம் போகும். நீ வீட்டுக்குப் போகலாம்."

பதில் சொல்ல மாக்கிரட்டிடம் டெனிஷ் போதவில்லை. கோபம் மட்டும் நிறைய இருந்தது.

அது 1986 நவம்பர். கிரின்ஸ்டெட்டுக்கு வெளியே, வேட்டைக்காரர் சுட்ட மானையும் முயலையும் வாங்கி, தோலுரித்து, துண்டுபோட்டு விற்கும் இடம் பிரேபனுடையது. மன்னாரிலிருந்து கணவன் குருசுமுத்துவோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் வந்திறங்கிய மாக்கிரட்டுக்கு அங்கே முதலில் கிடைத்தது வாளி கழுவும் வேலை. அதன் பிறகு வாத்துக்கு இறகு பிடுங்கும் வேலை. ஒருநாள் இறைச்சி வெட்டுகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, யாரும் கேட்காமலே கத்தியை எடுத்து ஒரு மானைக் கால்மணி நேரத்தில் துண்டாக்கி வரிசையாக வைத்தாள். மீன் வெட்டிப் பழகிய கை. அன்றிலிருந்து அந்த மேசை அவளுடையது. பதினொரு மாதத்தில் இந்த நாட்டில் அவள் தானாகச் சம்பாதித்த ஒரே இடம் அது. இப்போது யாரோ செய்த பிழைக்கு அதைப் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

"அக்கா, விடுங்கோ," என்றான் பாலேந்திரா. மான்களை வண்டியிலிருந்து இறக்கிக் கொக்கியில் மாட்டுகிறவன், யாழ்ப்பாணத்துக்காரன், டெனிஷ் அவளைவிட நன்றாகப் பேசுவான். "வாயைக் குடுத்தா வேலை போயிடும்."

"வாயை மூடிக்கொண்டிருந்தா மட்டும் நிக்குமோ? உந்த உலோகத்தை நானோ மானுக்குள்ள வச்சனான்?"

கேட்டு முடித்ததும் அவளுக்கே அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. வைத்தது யார்?

வருகிற ஒவ்வொரு மானின் பின்னங்காலிலும் சுட்டவரின் பெயரெழுதிய அட்டை கட்டியிருக்கும். மாக்கிரட் கோப்பி குடிக்கும் காகிதக் கோப்பைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வேட்டைக்காரரின் பெயரை எழுதி, சுவர்த் தட்டில் அடுக்கினாள். இறைச்சியில் கிடைக்கிற உலோகமெல்லாம் இனி அதற்குரிய கோப்பைக்குள் போகும்.

சந்தேகம் முதலில் விகோ மேல்தான். பன்றிப் பண்ணை வைத்திருக்கிற விகோ சுடுவது பத்துக் கிராம் துப்பாக்கிச் சன்னத்தால். நீளமும் தடிப்புமாக, சுண்டுவிரல் நுனிபோல இருக்கும். பல் வைத்தியர் ஹென்னிங்கின் துப்பாக்கியும் அதே அளவுதான், ஆனால் அவர் போடுவது ஆறரைக் கிராம். ஒல்லியாக, கூராக, பார்க்க வடிவாக இருக்கும். "சின்ன மானுக்குச் சின்னச் சன்னம்," என்று ஹென்னிங் சொல்வார். எல்லாரும் தலையாட்டுவார்கள், பிரேபன் எல்லாருக்கும் முதலாக. பிரேபனுக்கு வருகிற மானில் பாதி ஹென்னிங்கும் கூட்டாளிகளும் கொண்டுவருவது.

"பெரிய சன்னம் எண்டா பெரிய சேதம்," என்றாள் மாக்கிரட். "இதுக்குப் படிப்பு வேணுமே?"

புதன்கிழமை விகோ இரண்டு மானோடு வந்தார். மாக்கிரட் கத்தியும் கையுமாக வாசலுக்கே போய்விட்டாள்.

"நீ! பெரிய சன்னம்! சின்ன மான்! இறைச்சி நாசம்!" தெரிந்த டெனிஷ் முழுவதையும் அவர் மேல் கொட்டினாள்.

விகோ தொப்பியைக் கழற்றினார். கோபிக்கவில்லை, அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "வெட்டு," என்றார். "என் கண் முன்னால் வெட்டு."

பழிவாங்குகிற வேகத்தில் தோலை உரித்தாள். விலாவில் விரல் போகிற ஒரு துளை. மறுபக்கத்தில் கட்டைவிரல் போகிற ஒரு துளை. சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்குத்தான் இரத்தம் கட்டியிருந்தது. தோள்கள் இரண்டும் முழுசாக இருந்தன. இரண்டாவது மானில் சன்னம் ஒரு பக்கத் தோள் எலும்பை உடைத்துக்கொண்டுபோய் மறுபக்கத் தோலடியில் நின்றிருந்தது. காளான்போல விரிந்த ஒற்றைக் கட்டி. ஈயம் சிதறவில்லை. உடைந்த எலும்பைச் சுற்றிக் கொஞ்சம் வெட்டியெறிந்தாள், மற்றதெல்லாம் நல்ல இறைச்சி.

மசாலா நிறுக்கிற சின்னத் தராசில் அதை வைத்தாள். ஒன்பது கிராமும் கொஞ்சமும்.

"பத்தாகப் போனது. ஏறக்குறைய பத்தாகவே கிடக்கிறது," என்றார் விகோ. "இப்போது மற்றவருடையதை நிறு."

ஹென்னிங்கின் கோப்பையில் மூன்று மானின் துணுக்குகள் இருந்தன. அரிசிக் குறுணிபோல ஈயம், செம்புச் சருகு. மூன்று சன்னமும் சேர்ந்து பத்தொன்பதரைக் கிராம் இருக்க வேண்டும். தராசு காட்டியது ஐந்து. எதுவும் மானைத் துளைத்து வெளியே போகவில்லை. மறுபக்கத் தோலில் ஓட்டையே இருந்ததில்லை. அப்படியானால் மிச்சம் எங்கே?

ஹோட்டலுக்குப் போனதும் இப்படியொரு மிச்சம்தான். மாக்கிரட்டின் காது சுட்டது.

விகோ கையால் காட்டி, பாலேந்திரா தமிழில் சொல்ல, கதை விளங்கியது. பாரம் குறைந்த சன்னம் வலு வேகமாகப் போகும். அந்த வேகத்தில் எலும்பில் பட்டால் வெடித்துப் பொடியாகும், தோள் முழுவதும் கூழாகும். பாரமான சன்னம் மெதுவாகப் போகும், எலும்பில் பட்டும் உடையாமல் உள்ளே போகும், பெரும்பாலும் மறுபக்கத்தால் வெளியேறும்.

"அப்ப இந்த மனுசனை நான் சும்மா ஏசிப்போட்டன்," என்றாள் மாக்கிரட்.

"மன்னிப்புக் கேக்கட்டோ அக்கா, உங்களுக்காக?"

"என்ர வாய் எனக்கிருக்கு." விகோ பக்கம் திரும்பினாள். "நான் பிழை. நீ சரி." விகோ சிரித்துக்கொண்டே தொப்பியைப் போட்டார்.

ஒரு கோபம் தீர்ந்ததும் மற்றது இரண்டு மடங்காயிற்று.

சனிக்கிழமை பிற்பகல் ஹென்னிங்கின் கூட்டம் வேட்டை முடித்து வந்தது. பிரேபனின் முற்றத்தில் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பி, ஏழு மான்களை வரிசையாகக் கிடத்தி, பித்தளைக் கொம்பு ஊதினார்கள். இருபதுபேர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். மாக்கிரட் கோப்பைகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஹென்னிங் வரிசைக்கு அந்தப் பக்கம் நின்றார். சுற்றிப்போக அவளுக்குப் பொறுமை இல்லை. காலைத் தூக்கி ஒரு மானைத் தாண்டிப் போனாள்.

கொம்பு பாதியில் நின்றது.

"என்ன செய்கிறாய்!" பிரேபனின் முகம் சிவந்தது. "சுட்ட மிருகத்தை யாரும் தாண்டுவதில்லை. அது அவமரியாதை!"

பாலேந்திரா ஓடிவந்தான். "அக்கா, மானைக் கடக்கக்கூடாதாம். மரியாதை இல்லையாம்."

"மரியாதையோ? தோள் ரெண்டையும் கூழாக்கி எனக்கு அனுப்பேக்க மரியாதை எங்க போனது எண்டு கேள்!"

பாலேந்திரா தொண்டையைச் செருமினான். "இறைச்சியைப் பற்றிச் சின்னதாக ஒரு விஷயம் பேசலாமா என்று கேட்கிறார்," என்றான் டெனிஷில்.

அவ்வளவு டெனிஷ் மாக்கிரட்டுக்கு விளங்கும். "தம்பி, நான் சொன்னதைச் சொல்லு. சீனி போடாத."

அவன் சொன்னான். மாக்கிரட் இரண்டு கோப்பைகளை ஹென்னிங்கின் கையில் வைத்தாள். ஒன்றில் விகோவின் ஒற்றைக் கட்டி. மற்றதில் குறுணி.

"இருபது வருடமாகச் சுடுகிறேன்," என்றார் ஹென்னிங். "இந்தச் சன்னம் நேராகப் போகும். இருநூறு மீற்றரிலும் குறி தப்பாது. சுடும்போது தோளிலும் இடிக்காது."

"யாருடைய தோளில்?" என்றார் பின்னால் நின்ற விகோ. இரண்டு மூன்றுபேர் சிரித்தார்கள்.

"இவர் சன்னத்தால பல்லை உடைப்பார், பிறகு தானே பல்லுக் கட்டுவார்," என்றாள் மாக்கிரட். "நல்ல தொழில். சொல்லு தம்பி, இதையும் சொல்லு."

அவன் சொன்னபோது சிரித்தவர்கள் கூடிப்போனார்கள். ஹென்னிங் சிரிக்கவில்லை. இந்தப் பெண் மன்னிப்புக் கேட்காவிட்டால் தன் மான்கள் இனி வேறிடம் போகும் என்று பிரேபனிடம் சொன்னார்.

பிரேபன் மாக்கிரட்டைப் பார்த்தான். "கேள்," என்றான்.

அவள் இடுப்பு உறையிலிருந்து கத்தியை எடுத்தாள். பக்கத்தில் நின்றவர் ஓர் அடி பின்வாங்கினார். கத்தியைத் திருப்பிப் பிடியைப் பிரேபனிடம் நீட்டினாள்.

"நீ வெட்டு," என்றாள் டெனிஷில். "அவர் மான். நீ வெட்டு. நான் பார்க்கிறேன்."

இருபதுபேர் பார்த்துக்கொண்டிருக்கையில் முடியாது என்று சொல்ல முப்பது வருடம் இறைச்சி வெட்டியவனால் முடியவில்லை. ஹென்னிங் அன்று சுட்ட மானை உள்ளே கொண்டுபோய் உரித்தான். வாசலில் எல்லாரும் முட்டிமோதி நின்றார்கள். தோளைத் திறந்ததும் கறுத்த கூழ் மேசையில் வழிந்தது. வெட்டினான், கழுவினான், மறுபடி வெட்டினான். சுத்தமாயிற்று என்று நிமிர்ந்தான். மாக்கிரட் அந்தத் துண்டை விரலால் தடவிக்கொண்டே போய், இரண்டு இடத்தில் நின்று, இரண்டு துணுக்கை எடுத்து அவன் முன் வைத்தாள்.

பிரேபன் தானும் தடவினான். "ஸ்ஸ்," என்று கையை இழுத்தான். செம்புச் சருகு கிழித்த விரலிலிருந்து இரத்தம் வந்தது.

விரலில் துணியைச் சுற்றினான். பிறகு இரண்டு தோளையும் தூக்கி, நாய்த் தீனிக்கென்று வைத்திருந்த வாளிக்குள் போட்டான். கத்தியைக் கழுவித் துடைத்து மாக்கிரட்டின் மேசையில் வைத்தான்.

"ஹென்னிங்," என்றான், "இந்தச் சன்னம் என்றால் பின்னங்கால் மட்டும்தான் வாங்குவேன்."

ஹென்னிங் காரில் ஏறிப் போனார். அவளைப் பார்த்து, பிழை உன்னுடையது இல்லை என்று பிரேபன் சொல்லவில்லை. கூட்டமும் தொப்பியைப் போட்டுக்கொண்டு கலைந்தது. மாக்கிரட் கையைக் கழுவிக்கொண்டே சவர்க்காரத்தோடும் சண்டைபிடித்தாள்.

திங்கட்கிழமை பார்த்தால் பின்னங்காலில் கட்டுகிற அட்டையில் பெயருக்குக் கீழே புதிதாக ஒரு கோடு. சன்னத்தின் பாரத்தை எழுத. பிரேபனின் கையெழுத்து.

இரண்டு வாரம் கழித்து ஹென்னிங்கின் மான் ஒன்று வந்தது. அவர் வரவில்லை, ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மாக்கிரட் உரித்தாள். இந்தப் பக்கம் ஒரு துளை, அந்தப் பக்கம் ஒரு துளை. தோள் இரண்டும் முழுசு.

"அட்டையில என்ன எழுதிக்கிடக்கு?"

"பத்துக் கிராம், அக்கா."

"மன்னிப்பு எண்டு ஏதும்?"

"அதுக்குக் கோடு போடேல்லை."

"அப்ப அவற்ர கோப்பை தட்டிலயே கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மாக்கிரட் கத்தியைத் தீட்டினாள். "பிரேபனும் கேக்கேல்லை, அவருக்கும் ஒரு கோப்பை எழுதி வை."